கேம் விமர்சனத்தை நம்பி வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வரும் ஒரு பெரிய கேம் இன்று நாலைந்தாயிரம் ரூபாய். கல்லூரியில் படிக்கும் பையனுக்கு அது பல மாதம் சேர்த்த காசு. அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் எல்லோரும் ஒரு விமர்சனமாவது பார்க்கிறோம். அந்த விமர்சனத்தை எழுதியவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதானே மார்க் போடுகிறார்கள்?

முதலில் வருவது எப்போதும் இந்தக் கேள்விதான். பெரிய தளத்தில் எழுதும் ஒருவரிடம் கவரை நீட்டி "9 போடுங்க" என்று கேட்பது வழக்கமாக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கேமை முன்கூட்டியே விமர்சகர் கையில் கொடுப்பது யார்? அதை வெளியிடும் பப்ளிஷர். எந்தத் தேதியில் எழுதலாம், எந்தக் காட்சியைக் காட்டலாம், எந்த மெஷினில் ஆடலாம் என்று சொல்வது யார்? அதே பப்ளிஷர். விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே விளம்பரம் கொடுத்து அந்தத் தளத்தின் சம்பளச் செலவைத் தாங்குவதும் பல நேரம் அவர்கள்தான். இவ்வளவும் கையில் இருக்கும்போது லஞ்சம் எதற்கு?

அதனால் "இவர் விலை போய்விட்டாரா" என்று கேட்பதைவிட, "இவருக்கு எதைக் காட்டினார்கள், எதைக் காட்டவில்லை" என்று கேட்டுப் பாருங்கள். நிறைய விஷயம் தெளிவாகும்.

விளம்பரம் கொடுப்பவர்களின் அழுத்தத்தால் யாராவது வேலை இழந்திருக்கிறார்களா?

இருக்கிறார். ஜெஃப் கெர்ஸ்ட்மன். கேம்ஸ்பாட் தளத்தில் பத்து வருடத்துக்கும் மேல் இருந்தவர். 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேமுக்கு 10-க்கு 6 போட்டார். அந்த நாட்களில் கேம்ஸ்பாட் முகப்பைத் திறந்தால் பின்னணி முழுக்க அதே கேமின் விளம்பரம். பப்ளிஷர் ஐடாஸ் அங்கே பெரிய அளவில் விளம்பர இடம் வாங்கியிருந்தது. அந்த அலங்காரத்துக்கு நடுவில் "சுமார்தான்" என்று ஒரு விமர்சனம் நின்றது. மாதம் முடிவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரணத்தை அவரால் வெளியில் பேச முடியவில்லை. ஒப்பந்தம் வாயைக் கட்டியிருந்தது. அவரும் வெளியேறிய நண்பர்களும் சேர்ந்து 2008-ல் ஜயன்ட் பாம் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். 2012 மார்ச்சில், அப்போது கேம்ஸ்பாட்டை வைத்திருந்த சிபிஎஸ் இன்டராக்டிவ் நிறுவனமே ஜயன்ட் பாமையும் வாங்கியது. அப்போதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அந்த நாட்களில் கேம்ஸ்பாட்டுக்குப் புதிதாக வந்திருந்த நிர்வாகத்துக்கு விளம்பரதாரர் மிரட்டல் பழக்கமில்லை, விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்றதும் பதறிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அதற்கு முன்பே 'ரேட்செட் அண்ட் க்ளாங்க்' வரிசைக் கேம் ஒன்றுக்குத் தளம் 7.5 போட்டதும் மேலிடத்தில் பிரச்சினை ஆகியிருந்ததாம். யோசித்துப் பாருங்கள், ஏழரை மார்க்குக்குப் பஞ்சாயத்து!

கேன் அண்ட் லிஞ்சுக்குப் போட்ட மார்க்கை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது 6-ஆகவே நின்றது.

ரிவ்யூ காப்பியை இலவசமாக வாங்குவதே தவறில்லையா?

தவறில்லை. சினிமா விமர்சகருக்கு பிரஸ் ஷோ மாதிரிதான் இது. வெளியீட்டு நாளுக்கு முன் கேமைக் காசு கொடுத்து வாங்கவே முடியாது. 40 மணி நேர கேமை ஆடி முடித்து, நீங்கள் வாங்குவதற்கு முன் எழுத வேண்டும் என்றால் கேம் முன்னாடியே கைக்கு வந்தாக வேண்டும்.

ஆனால் இலவசம் மனதில் ஒரு வேலை செய்யும். அதை நான் அனுபவித்திருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து சின்ன அளவில் விமர்சனம் எழுதிய காலத்தில், தனியாளாக கேம் செய்த ஒருவர் எங்களுக்கு ஒரு கீ, அதாவது கேமை இலவசமாகத் திறக்கும் குறியீடு, அனுப்பினார். கூடவே நாலு வரிக் கடிதம்: மூன்று வருட உழைப்பு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கேமில் குதிக்கும் பட்டன் அழுத்திய பிறகு ஒரு நொடி கழித்துத்தான் ஆள் குதிப்பான். குதித்துத் தாண்டுவதுதான் மொத்த விளையாட்டே. "கண்ட்ரோல் சரியில்லை, இதனால் கேமே கெட்டுவிட்டது" என்று எழுதினேன். அப்புறம் அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. வரியை அழித்துவிட்டு "கண்ட்ரோல் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்" என்று மாற்றினேன். அதைப் படித்து வாங்கிய ஒருவர், "அண்ணா, எத்தனை நாள் பழகணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நன்றி என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

இலவசமாக வந்தது என்பதை விமர்சனத்தின் மேலேயே சொல்லச் சொல்வது இதற்காகத்தான். எந்த இடத்தில் எழுத்தாளரின் பேனா மெதுவாகியிருக்கலாம் என்று வாசகர் தானே கணக்குப் போட்டுக்கொள்ள முடியும்.

எம்பார்கோ என்கிறார்களே, அது விமர்சகர்களின் வாயை அடைப்பதா?

இந்தத் தேதி, இந்த மணிக்கு முன் விமர்சனம் வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனைதான் எம்பார்கோ. அது வாசகருக்கு நல்லதும் செய்கிறது. அது இல்லாவிட்டால் முதலில் போடுபவருக்குத்தான் கூட்டம் என்று ஆகி, பாதி ஆடிவிட்டு எழுதுவார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த மணி. கேம் வருவதற்கு நாலைந்து நாள் முன்பே விமர்சனம் வந்தால் பப்ளிஷருக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். 2014 நவம்பர் 11 அன்று 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' அமெரிக்காவில் நள்ளிரவே விற்பனைக்கு வந்தது. எம்பார்கோ முடிந்ததோ அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும் முகங்களின் படங்கள் அந்த வாரம் உலகமெல்லாம் சுற்றின.

இன்னொன்று, 2008-ல் நடந்தது. 'டூம் ரெய்டர்: அண்டர்வேர்ல்ட்' வந்தபோது, 10-க்கு 8-க்குக் கீழே போடுவதாக இருந்தால் திங்கட்கிழமை வரை பொறுத்திருங்கள் என்று பிரிட்டன் தளங்களை ஐடாஸின் பிஆர் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். எட்டும் அதற்கு மேலும் போட்டால் உடனே வெளியிடலாம். முதல் வார இறுதியில் சராசரி உயரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். விமர்சனத்தில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றச் சொல்லவில்லை.

2016 அக்டோபரில் பெத்தெஸ்டா என்ற பப்ளிஷர் இன்னொரு வழி பிடித்தது. இனிமேல் ரிவ்யூ காப்பி வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்புதான் தருவோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அப்படிப்பட்ட கேமுக்கு முதல் நாளே முழு விமர்சனம் என்று ஒன்று வந்தால், எத்தனை மணி நேரம் ஆடியிருப்பார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சைபர்பங்க் 2077-க்கு எல்லோரும் 9, 10 போட்டார்களே. அத்தனை பேரும் பொய் சொன்னார்களா?

பெரும்பாலோர் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சம்பவம் மனதில் தங்கிப்போனதற்குக் காரணமும் அதுதான்.

கேம் வந்தது 2020 டிசம்பர் 10. விமர்சனங்கள் மூன்று நாள் முன்பு வந்தன. பல விமர்சனங்களின் மார்க்கைத் தொகுத்துக் காட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தில் சராசரி 90-ஐ ஒட்டி நின்றது. ஆனால் கேமைச் செய்த சிடி ப்ரொஜெக்ட் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி வெர்ஷன் மட்டுமே. பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களுக்கான வெர்ஷனை அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை. அதோடு இன்னொரு நிபந்தனை: வெளியீட்டுக்கு முன் போடும் வீடியோவில் தாங்களே ஆடிப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, கம்பெனி கொடுத்த காட்சிகளை மட்டும்தான் போடலாம்.

இதை விமர்சகரின் மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் முன்னால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர். கேமில் பக் இருக்கிறது. கார் காற்றில் தொங்குகிறது, ஆள் சுவரில் புதைந்து நிற்கிறான். "பக் நிறைய" என்று எழுதுகிறீர்கள். பலரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்த வரியைப் பேசும்போது திரையில் ஓடுவது கம்பெனி பொறுக்கி எடுத்த பளபளப்பான காட்சி. காது ஒன்று கேட்கிறது, கண் வேறொன்று பார்க்கிறது. ஜனங்கள் எதை நம்புவார்கள்? கண்ணைத்தான். அதே நேரம் லட்சக்கணக்கான பேர் வீட்டில் பழைய பிஎஸ் 4 வைத்துக்கொண்டு முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தட்டுத் தடுமாறி ஓடி, பாதியில் நின்றுபோகும் கேம்.

ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. பழைய கன்சோலில் கேம் எப்படி ஓடுகிறது என்று காட்டாமல் விட்டதற்கு நிறுவனத்தின் தலைவர்களே மன்னிப்புக் கேட்டார்கள்.

விமர்சகர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "கன்சோல் வெர்ஷனை எங்களுக்குத் தரவில்லை" என்பது பல விமர்சனங்களில் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தது. அதுதான் முதல் வரியாக, பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

மார்க் குறைத்துப் போட்டால் ரசிகர்களே ஏன் அடிக்க வருகிறார்கள்?

அதே சைபர்பங்குக்கு கேம்ஸ்பாட்டின் காலி ப்ளாகி 7 போட்டார். நல்ல கேம், ஆனால் குறைகள் அதிகம் என்றார். கேமை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் அவரை நாள் கணக்கில் திட்டித் தீர்த்தார்கள். கேம் இன்ஃபார்மரில் எழுதிய ஒருவர், அந்தக் கேமின் ஒரு காட்சியில் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது தனக்கு வலிப்பை வரவழைத்தது, அந்தப் பாதிப்பு உள்ளவர்கள் கவனம் என்று எழுதினார். அவருக்கு வேண்டுமென்றே மின்னும் வீடியோக்களை அனுப்பினார்கள். ஒரு மனிதருக்கு வலிப்பு வரட்டும் என்று அனுப்பியது! இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

பப்ளிஷரின் அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறோம். முன்பதிவு செய்துவிட்டு, தான் செய்தது சரிதான் என்று விமர்சகர் வாயால் கேட்கக் காத்திருக்கும் ரசிகரின் அழுத்தம் அதற்குக் குறைந்ததில்லை.

7 என்றால் மோசமா? 5 தானே நடுமதிப்பு?

கணக்குப்படி 5 தான். வழக்கத்தில் இல்லை. மெட்டாக்ரிடிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு படம் 61 வாங்கினால் 'நல்லது' என்ற பச்சை நிறம் கிடைக்கும், கேம் என்றால் 75 வாங்க வேண்டும். அந்த இடைவெளியே கதையைச் சொல்லிவிடும். 1990-களில் பிரிட்டனில் 'அமிகா பவர்' என்ற பத்திரிகை, சராசரி கேமுக்கு 50 சதவீதம்தான் என்று பிடிவாதமாக நின்றது. கேம் கம்பெனிகளோடு சண்டையும் வந்தது. பத்திரிகை 1996-ல் நின்றுபோனது. அந்தப் பிடிவாதத்தை இன்றும் மெச்சிப் பேசுகிறார்கள்.

மெட்டாக்ரிடிக் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் போதாதா?

போதாது. அது நேரடிச் சராசரி இல்லை. சில தளங்களுக்கு அதிக எடை, சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை.

அந்த எண்ணின் மேல் எவ்வளவு காசு உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஓர் உதாரணம். 2010-ல் அப்சிடியன் ஸ்டூடியோ செய்து, பெத்தெஸ்டா வெளியிட்டது. மெட்டாக்ரிடிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடைக்கவில்லை. அப்சிடியனின் க்ரிஸ் அவலோன் 2012-ல் இதை வெளியில் சொன்னார். ஒரு விமர்சகர் கூட்டிக் குறைக்கும் அரை மார்க்கில் முகம் தெரியாத ஐம்பது பேர் சம்பளம் ஆடலாம் என்று தெரிந்த பிறகு நேர்மையாக மார்க் போடுவது எவ்வளவு கஷ்டம்! இங்கே நான் விமர்சகரைக் குறை சொல்ல மாட்டேன், அப்படியொரு ஒப்பந்தம் எழுதியவர்களைத்தான் சொல்வேன்.

மார்க்கே போடாமல் விட்டால்?

விட்டுப் பார்த்தார்கள். யூரோகேமர் 2015-ல் மார்க்கைக் கைவிட்டது, 2023-ல் ஐந்து நட்சத்திர முறையில் திரும்பக் கொண்டுவந்தது. கொட்டாகு என்ற கேம் செய்தித் தளம் மார்க் போடுவதில்லை. எனக்கு மார்க் இல்லாத விமர்சனம்தான் பிடிக்கும், ஏனென்றால் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவசரத்தில் இருப்பவருக்கு ஓர் எண் உதவுகிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

யூடியூபர்கள் நம்மைப் போல சாதாரண ஆட்கள்தானே, அவர்களை நம்பலாமே?

நம்பலாம், யார் காசில் பேசுகிறார் என்று தெரிந்தால். 2014-ல் 'ஷேடோ ஆஃப் மார்டோர்' வந்தபோது வார்னர் பிரதர்ஸ் பல யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. சிலருக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்குப் பல்லாயிரம் டாலர் வரை. நிபந்தனை என்ன தெரியுமா? நல்ல விதமாகப் பேச வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது. ஸ்பான்சர் விஷயத்தை வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பில் போடச் சொன்னார்கள். "மேலும் காட்டு" என்பதைத் தட்டினால்தான் அது கண்ணில் படும். பியூடிபை என்ற பிரபல யூடியூபரின் வீடியோவை மட்டும் 37 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருந்தார்கள். அமெரிக்காவில் வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி விசாரித்து, 2016 ஜூலையில் வார்னரோடு ஒரு தீர்வுக்கு வந்தது. இனி இப்படி மறைத்துச் செய்யக் கூடாது என்பது அதன் சாரம்.

அப்போதே அந்த நிபந்தனைகளை ஏற்காமல் வெளியே சொன்னவர்களில் ஒருவர் டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் பேசிய ஜான் பெய்ன். ஸ்பான்சர் வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். 2018-ல் புற்றுநோயில் போய்விட்டார். அவரைப் போல இன்னும் நாலு பேர் வேண்டும்.

பணம் கொடுக்காமல் வெறும் கீ மட்டும் கொடுத்தால் நிபந்தனை இருக்காதுதானே?

இருக்கும். 2024 மே மாதம் 'மார்வெல் ரைவல்ஸ்' சோதனைப் பதிப்பை ஆட வந்த கிரியேட்டர்களின் ஒப்பந்தத்தில், கேமின் பெயர் கெடும்படி பேசக் கூடாது என்றே ஒரு பிரிவு இருந்தது. அது வெளியே தெரிந்து சத்தம் கிளம்பியதும் அந்தக் கேமின் நிறுவனமான நெட்ஈஸ் மன்னிப்புக் கேட்டு மாற்றியது. அதே வருடம் ஆகஸ்டில் 'ப்ளாக் மித்: வுகாங்' கீயோடு சில ஸ்ட்ரீமர்களுக்கு வந்த குறிப்பில் அரசியல், பெண்ணியப் பிரசாரம், கோவிட் இதையெல்லாம் பேச வேண்டாம் என்று இருந்தது. வாங்கிய சிலர் அந்தக் காகிதத்தை அப்படியே வெளியிட்டார்கள். நல்ல காரியம். பார்ப்பவருக்கு அதைவிட உதவியான தகவல் வேறு இல்லை.

நம் ஊரில் இதற்குச் சட்டம் உண்டா?

உண்டு. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பணம் மட்டும் இல்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், ஹோட்டல் தங்கல் எல்லாமே சொல்ல வேண்டிய தொடர்புதான். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். லைவ் ஸ்ட்ரீம் என்றால் முழு நேரமும் திரையில் இருக்க வேண்டும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதே மொழியில் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் கணக்கில் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம்.

ஸ்டீமில் ஆடியவர்களே எழுதுகிறார்களே. அதைவிட நேர்மையானது உண்டா?

பிசி கேம் விற்கும் அந்த ஆன்லைன் கடை நல்ல இடம்தான். எத்தனை மணி நேரம் ஆடினார் என்று ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் இருக்கும். இலவசமாக வந்தது என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும். 2016-ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், வெளியிலிருந்து கீ வாங்கி ஏற்றியவர்களின் விமர்சனத்தை மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. கீயை வாரி இறைத்துப் பாராட்டு வாங்கிய தந்திரம் அதோடு அடங்கியது.

ஆனால் கூட்டமாக வந்து குத்துவதும் அங்கே நடக்கும். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட சோனியின் ஆன்லைன் சேவையான பிஎஸ்என்-ல் கணக்கு கட்டாயம் என்றார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனம் குவிந்தது; சில நாளில் சோனி பின்வாங்கியது. அதை நான் நியாயமான கோபம் என்பேன். 2020 ஜூனில் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்கு மெட்டாக்ரிடிக்கில் நடந்தது வேறு. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேமுக்கு, வந்த சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்யங்கள். அதன் பிறகு மெட்டாக்ரிடிக் ஒரு விதி வைத்தது: கேம் வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்கள் மதிப்பிடலாம். திடீரென்று எண் சரிந்திருந்தால் தேதியைப் பாருங்கள், அந்த வாரம் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

'கேம் பத்திரிகையில் நேர்மை வேண்டும்' என்று 2014-ல் இணையத்தில் நடந்த கேமர்கேட் இயக்கம் நல்ல நோக்கம்தானே?

இந்தக் கேள்விக்குப் பூசி மெழுகிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தொடங்கியது ஸோயி க்வின் என்ற கேம் படைப்பாளியின் முன்னாள் காதலர் 2014 ஆகஸ்டில் எழுதிய பதிவிலிருந்து. நல்ல விமர்சனத்துக்காக க்வின் கொட்டாகு செய்தியாளர் ஒருவரோடு பழகினார் என்று பரப்பினார்கள். அந்தச் செய்தியாளர் க்வினின் கேமுக்கு விமர்சனம் எழுதவே இல்லை. இல்லாத விமர்சனத்தைச் சொல்லி ஒருவரை வீட்டை விட்டே ஓட வைத்தார்கள். கேம்களில் பெண்கள் சித்தரிக்கப்படும் விதத்தை ஆராய்ந்த அனிட்டா சர்கீசியன், துப்பாக்கிச் சூடு மிரட்டலால் அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்ததை ரத்து செய்ய வேண்டி வந்தது. விளம்பரக் காசு, போனஸ் ஒப்பந்தம் என்று உண்மையான பிரச்சினைகள் மலையாகக் கிடக்க, கோபமெல்லாம் பெரிய பப்ளிஷர்களை விட்டுவிட்டுத் தனியாளாக நின்ற பெண்கள் மேல் பாய்ந்தது.

பேட்ரியான் என்ற நிதி உதவித் தளம் மூலம் படைப்பாளிகளுக்குப் பணம் கொடுக்கும் செய்தியாளர்கள் பற்றிச் சில தளங்கள் அப்போது விதி கொண்டுவந்தன என்பது உண்மை. அந்த விதிகள் எனக்குச் சரியாகவே படுகின்றன. அதற்காக அந்த மிரட்டல்களை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

விமர்சனத்தையே திருடுவார்களா?

2018 ஆகஸ்டில் நடந்தது. 'டெட் செல்ஸ்' கேமுக்கு ஐஜிஎன் என்ற பெரிய கேம் தளம் போட்ட விமர்சனம், பூம்ஸ்டிக் கேமிங் என்ற சிறிய யூடியூப் சேனலின் விமர்சனத்தைப் பல இடங்களில் அப்படியே ஒத்திருந்தது. அந்தச் சேனல்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ போட்டார். ஐஜிஎன் விமர்சனத்தை நீக்கி, எழுதியவரை வேலையிலிருந்து எடுத்து, வேறொருவரை வைத்து மறுபடி எழுதியது. தவறு நடந்ததும் ஒரு தளம் என்ன செய்கிறது என்பதும் நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல்.

விமர்சனம் வந்த பிறகு கேமே மாறிவிட்டால்?

2013-ல் 'சிம்சிட்டி'க்கு பாலிகான் என்ற தளம் 9.5 போட்டது. வெளியீட்டுக்கு முன் ஆடியபோது சர்வர் காலியாக இருந்தது, எல்லாம் ஓடியது. மக்கள் வாங்கி உள்ளே வந்ததும் சர்வர் படுத்துவிட்டது. பாலிகான் மார்க்கை 8 ஆக்கியது, பிறகு 4, நிலைமை தேறியதும் 6.5. பலர் கேலி செய்தார்கள். என் பார்வையில் அது நேர்மை, பழைய 9.5-ஐ அப்படியே விட்டிருந்தால்தான் ஏமாற்று.

இதைவிட மோசமானது, விமர்சனம் முடியும் வரை காத்திருந்து கடையைத் திறப்பது. 'க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃப்யூல்ட்' 2019 ஜூனில் வந்தது. ஆகஸ்டில், உண்மைக் காசு கொடுத்து கேமுக்குள் செலவழிக்கும் நாணயம் வாங்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஜூன் மாத விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்க வழியில்லை. அதனால் பழைய விமர்சனம் படிக்கும்போது தேதியைப் பார்த்துவிட்டு, கடைசி மாத ஸ்டீம் விமர்சனங்களையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் இல்லாமல் நடக்கும் தளங்கள் உண்டா?

உண்டு. வாசகர் சந்தாவில் ஓடுபவை கூடிக்கொண்டு வருகின்றன. கொட்டாகுவிலிருந்து வெளியேறியவர்கள் 2023-ல் ஆஃப்டர்மாத் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். மேலே சொன்ன அதே ஜயன்ட் பாம் பல கைகள் மாறி, 2025 மே மாதம் அங்கே வேலை செய்பவர்கள் கைக்கே வந்தது. எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

உங்களிடம் இருக்கும் அதே மெஷினில் ஆடியவரைத் தேடுங்கள். அவருடைய ரசனை உங்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று நாலைந்து பழைய விமர்சனங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்களோடு எப்போதும் முரண்படும் விமர்சகர்கூட நல்ல வழிகாட்டிதான். அவர் "இழுவை" என்றால் உங்களுக்குப் பிடிக்கும். முன்பதிவு செய்யாதீர்கள், டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீர்ந்துபோகாது.

நான் தமிழில் கேம் சேனல் ஆரம்பித்திருக்கிறேன். முதல் கீ வந்திருக்கிறது. என்ன செய்ய?

வாழ்த்துகள். கூட வந்த மெயிலை முழுக்கப் படியுங்கள், குறிப்பாக எதைப் பேசக் கூடாது என்ற பகுதியை. கதையின் முடிவைச் சொல்லாதே என்றால் சரி. குறையைச் சொல்லாதே என்றால் கீயைத் திருப்பி அனுப்புங்கள். வீடியோவின் முதல் நிமிடத்தில், தமிழில், வாயைத் திறந்து சொல்லுங்கள்: "இந்த கேமை கம்பெனி இலவசமாகக் கொடுத்தது, பிசியில் இத்தனை மணி நேரம் ஆடினேன், முடிக்கவில்லை." முடிக்காதது குற்றமில்லை. எடிட் செய்யும்போது ஒரு வரியை அழிக்கத் தோன்றினால், அதைப் பார்த்துவிட்டு நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கப் போகிற தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அழித்த அந்த வரி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.